ஆறாம் அத்தியாயத்தைச் செய்து பார்த்தேன்

திங்கட்கிழமை காலை, முதலாளியின் மேஜையில் புரூஃப் படிவத்தை வைத்துவிட்டு, அவர் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தேன். என் சாப்பாட்டு டப்பா, குடை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் பையில் போட்டு, மடியில் வைத்திருந்தேன். போகச் சொன்னால் போய்விடலாம்.

எங்கள் பதிப்பகத்தில் ஒரு விதி. சமையலோ தையலோ, எதையாவது செய்யக் கற்றுத்தரும் புத்தகம் வந்தால், புரூஃப் பார்க்கிறவர் ஒவ்வொரு படியையும் செய்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி நான் ஒரு கோணல் ஸ்டூல்கூடச் செய்திருக்கிறேன். இப்போது வந்திருந்தது குடும்பத்தைக் கட்டிக் காப்பது பற்றி ஆண்களுக்கான கையேடு. ஆறாம் அத்தியாயம், பதினான்கு பக்கம்: மனைவியின் போனில் அவளுக்குத் தெரியாமல் வேவு செயலியை ஏற்றுவது, வீட்டைவிட்டுப் போனவளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடிப்பது.

என் அக்கா புருஷனைவிட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. எந்த விடுதியில் இருக்கிறாள் என்று அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. அந்த ஆள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். இந்தப் புத்தகம் வந்தால், அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அந்த அத்தியாயம் வேண்டாம் என்று போன வாரமே முதலாளியிடம் முட்டிப் பார்த்தேன்.

"கருத்துச் சுதந்திரம்மா. அந்தத் திருடனோட சுயசரிதைக்கு நீதானே சண்டை போட்ட?"

"போட்டேன் சார். அவன் செஞ்சதைச் சொன்னான். இவரு செய்யச் சொல்றாரு."

"எழுத்து வெறும் எழுத்தும்மா. அது யாரையும் தொடாது. கையெழுத்தைப் போடு, இல்லன்னா வேற வேலை பாத்துக்கோ."

வெறும் எழுத்தாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்தால் ஒன்றும் ஆகாது என்றால், என் அம்மா எதற்கு ஊரார் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்தாள்?

வெள்ளிக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போனார். போன் சார்ஜில் கிடந்தது. அதைத் திறக்கும் எண் ஆபீசுக்கே தெரியும். அத்தியாயத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து வரி பிசகாமல் செய்தேன். ஒன்பது நிமிஷம். எழுதியவர் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்ள வேண்டும்.

"வேலை செய்யுது சார்" என்றேன், திங்கட்கிழமை உட்கார்ந்ததும்.

"எது?"

"ஆறாவது அத்தியாயம். சனிக்கிழமை பேப்பர் வாங்கப் போறேன்னு கிளம்பினீங்க. நாலுலேருந்து ஆறரை வரைக்கும் முடி நடுற கிளினிக்ல இருந்தீங்க."

பக்கம் வடிவமைக்கிற அண்ணன், நாங்கள் மார்ஜின் என்று கூப்பிடுகிறவர், குடித்த தண்ணீரை மூக்கு வழியாக விட்டார். "அதான் சார் இன்னைக்குத் தொப்பியா?"

முதலாளியின் கை தானாகத் தலைக்குப் போனது. "என் வீட்ல பேசறது, என் மெசேஜு... எல்லாமேவா?"

"எல்லாமே வருது. நான் கிளினிக்கோட நிறுத்திட்டேன். நிறுத்துன்னு புத்தகம் சொல்லல. நானா நிறுத்தினேன்."

"இது குற்றம், தெரியுமா? போலீஸ்ல சொன்னா உள்ள போயிடுவ!"

"சொல்லுங்க சார். புத்தகத்தையும் சேத்துக் குடுங்க. யாரு கத்துக்குடுத்தா, யாரு அச்சடிச்சான்னு அவங்களும் கேப்பாங்கல்ல?"

போனுக்காகக் கையை நீட்டினேன். கொடுத்தார்.

அவர் கண் முன்னாலேயே போனிலிருந்து அந்தச் செயலியை அழித்தேன்.  அவர் கைப்பிரதியை இழுத்து, சிவப்புப் பேனாவால் மூலைக்கு மூலை கோடு போட ஆரம்பித்தார். பக்கம் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. போகப்போக அழுத்தம் கூடியது. அத்தியாயத்தின் பத்தாவது பக்கம் கிழிந்தே போனது.

"மீதியைப் போடலாமா?" என்றார். என்னிடம் கேட்டார்!

"தாராளமா போடுங்க சார். மீதி வெறும் முட்டாள்தனம். அதுக்கு அவருக்கு உரிமை இருக்கு."

மார்ஜின் அண்ணன் மேஜையில் தட்டிச் சிரித்தார். முதலாளியும் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்தார்.

அப்போது போன் அடித்தது. எழுதியவர்தான். அவருக்கு வேறு பதிப்பகம் கிடைக்கலாம். அங்கேயும் புரூஃப் பார்க்க ஒருத்தி இருப்பாள். முதலாளி கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். மேஜைக் கண்ணாடியின் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.