குடலுக்குப் போட்ட மார்க்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் எல்லாரும் அவளை உசரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். டவர் கிரேன் ஓட்டுகிறவள் என்பதால் வந்த பெயர். காலையில் ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியம்தான் இறங்குவாள். மேலே கழிப்பறை கிடையாது. மற்ற ஓட்டுநர்களுக்கு அது ஒரு சின்னச் சங்கடம். பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற நோயோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவளுக்கு அது தினசரி பயம். வயிற்றைக் கலக்கும் பயம் என்று சும்மா சொல்வார்களே, இவளுக்கு நிஜமாகவே கலக்கும்.

அன்றைக்கு ஒரு கட்டு இரும்புக் கம்பி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வயிறு முறுக்கியது. ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. அவள் கையை லீவரிலிருந்து எடுக்காமல் அப்படியே உறைந்துபோனாள்.

வாக்கி-டாக்கியில் கீழே நின்ற சிக்னல்காரரின் குரல் கேட்டது. “உசரக்கா, ஏன் நிறுத்திட்டீங்க?”

“காத்து அடிக்குது.”

“காத்தா? இங்க ஒரு தூசிகூட பறக்கலையே.”

“மேல அடிக்குதுப்பா. ஆளுங்கள ஒதுங்கச் சொல்லு, எறக்குறேன்.”

தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல அந்தக் கம்பிக் கட்டைத் தரையில் இறக்கிவைத்தாள். எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தாள். பாதி இறங்கும்போது தொடையில் சூடாக ஏதோ வழிந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். ஏணிக்கு நடுவே வரும் இரும்புத் தட்டில் நின்று குனிந்து பார்த்தாள். ரத்தம். இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாள். ஆனால் இப்படி, தானாக, இவ்வளவு வந்ததில்லை. விழுந்துவிடுவோமோ என்று அப்போது தோன்றவில்லை. கீழே இத்தனை பேர் நிற்கிறார்களே, இந்தக் கோலத்தில் எப்படிப் போய் நிற்பது என்றுதான் தோன்றியது. சட்டைக்கு மேல் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

சிக்னல்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். “என்னக்கா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?” என்றவர், பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் ஜீப்பை எடுத்துவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு அவள் கணவர் ஓடிவந்தபோது அவர் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை அடித்தது. சலவைக் கடை வைத்திருப்பவர். அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே வைத்தியம் பார்க்கிற குடல் டாக்டர், கிராப்பு வெட்டிய ஒரு அம்மாள், கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ போகுது?”

“நாலு… அஞ்சு இருக்கும் டாக்டர்.”

கணவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “பத்துக்குக் கொறையாது. எல்லாத்துலயும் ரத்தம்.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாத்ரூம் கதவு சத்தம் எனக்குக் கேக்காதா? சலவைக் கடைக்காரன் பொண்டாட்டி மாசக்கணக்கா தன் துணிய தானே ஒளிச்சு ஒளிச்சு அலசுறா. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா இருக்கேன்?”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா நீ பொய் சொல்லுவ. அத நான் நம்புற மாதிரி நடிக்கணும்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அப்படிச் சொல்லவில்லை.

அவள் மறைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. மாத்திரைக்குக் கேட்கவில்லை என்றால் ஊசி, ஊசிக்கும் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் என்று டாக்டர் போன வருடம் விளக்கியிருந்தார். பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் வந்து சேர வயிற்றில் ஒரு பை. அந்தப் பை என்ற சொல் அன்றிலிருந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் நோயும் குறைந்துவிடும் என்று அவள் நம்பவில்லை. டாக்டர் அந்தச் சொல்லை மறுபடி எடுக்காமலாவது இருப்பார் என்றுதான் நம்பினாள்.

“சரி, நீங்க சொல்றதும் வேணாம், அவர் சொல்றதும் வேணாம். கேமரா விட்டுப் பாத்துடுவோம்” என்றார் டாக்டர்.

அந்த அறை குளிர்ந்து கிடந்தது. இடது பக்கமாகப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லை. கொஞ்ச தூரம்தான் போகும், தாங்கிக்கொள்ளலாம் என்றாள் நர்ஸ். அவள் கை உசரக்காவின் தோளில் இருந்தது. தலைக்கு எதிரே ஒரு திரை.

“பாக்க வேணாம்னா கண்ண மூடிக்கலாம்” என்றாள் நர்ஸ்.

“இல்ல, பாக்குறேன். எனக்கு என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாகணும்.” குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. “நோய் எவ்ளோன்னு எத வெச்சு சொல்லுவீங்க டாக்டர்?”

“மார்க் போடுவோம். சுத்தமா இருந்தா பூஜ்யம். லேசா செவந்து, ரத்தக் கொழாய் மங்கலாத் தெரிஞ்சா ஒண்ணு. நல்லா செவந்து, கொழாயே தெரியாம, மேல்தோல் அங்கங்க உரிஞ்சு, கேமரா பட்டாலே கசிஞ்சா ரெண்டு. ஆழமா புண்ணாகி, தொடாமலே ரத்தம் வந்தா மூணு.”

“மூணுக்கு மேல?”

“மூணுக்கு மேல கெடையாது.”

“ஸ்கூல்ல நான் எப்பவும் கம்மி மார்க்தான் டாக்டர்” என்றாள். நர்ஸ் சிரித்தாள். சொன்னவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது.

குழாய் உள்ளே போனது. வயிறு உப்பி வலித்தது. திரையில் ஒரு சிவப்புச் சுரங்கம். முதலில் அது தன் உடம்பு என்றே அவளுக்குப் படவில்லை. ஒரு இடத்தில் சுவர் பரவாயில்லாமல், மழமழவென்று இருந்தது. அவள் உயிரே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதோ, இது நன்றாகத்தானே இருக்கிறது? குழாய் வளைந்து திரும்பியது. அடுத்த வளைவில் சுவரே இல்லாததுபோல இருந்தது. வெளிறிய பள்ளங்கள், அவற்றின் விளிம்பில் ரத்தம். யாரும் தொடவில்லை. அதுபாட்டுக்கு ஊறி வந்துகொண்டிருந்தது.

அதுவரை ஏதோ பேசிக்கொண்டே இருந்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் அவளை உலுக்கியது. சோதனைக்கு ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, அதற்கு மேல் போகாமல் குழாயை மெல்ல வெளியே இழுத்தார்.

“மூணு” என்றார்.

“டாக்டர், கொஞ்ச எடம் நல்லாத்தானே இருந்துச்சு? நான் பாத்தேனே.”

“ஆமா, இருந்துச்சு.”

“அப்ப ரெண்டுன்னு போடக்கூடாதா? ரெண்டுன்னு போட்டுட்டு மாத்திரைய கூட்டிக் குடுங்க. நான் ஒழுங்கா சாப்புடுறேன்.” அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். “இருக்கறதுலயே மோசமான எடம் எதுவோ, அதுக்குத்தாம்மா மார்க். நல்ல எடத்துக்கு மார்க் போட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பலாம். உங்க வீட்டுக்காரர் திரும்பத் தூக்கிட்டு வரும்போது நான் அவர் மூஞ்சில முழிக்க முடியாது. இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க.”

அன்றே கையில் ஊசியைக் குத்தி ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு காலையும் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குடல் உப்புகிறதா என்று பார்க்கத்தான் படம் என்று நர்ஸ் சொன்னாள். உப்பினால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற கணக்கு ஒன்றிரண்டுதான் குறைந்தது. மூன்றாம் நாள் டாக்டரோடு இன்னொருவரும் வந்தார். அறுவை மருத்துவர்.

“உடனே பண்ணப் போறோம்னு இல்ல. வேற ஒரு மருந்து இருக்கு, சொட்டு சொட்டா ஏத்துவோம். அதுக்குக் குடல் மசியுதான்னு பாப்போம். மசியலேன்னா தயாரா இருக்கணும்” என்றார் அவர்.

பின்னாலேயே ஒரு நர்ஸ் மார்க்கர் பேனாவோடு வந்தாள். பை வைக்க நேர்ந்தால் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டுமாம்.

“உக்காருங்க… குனிங்க… எந்திரிங்க. வேலைக்குப் போறப்ப இடுப்புல பெல்ட் எதாவது கட்டுவீங்களா?”

“பாதுகாப்பு பெல்ட். ஏணி ஏறணும்.”

“எங்க வரும்? தொட்டுக் காட்டுங்க.”

அவள் காட்டினாள். நர்ஸ் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்பு வட்டம் போட்டாள். குளிர்ந்த மை. உசரக்கா அதைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாள் ஒரு சொல்லாக இருந்தது இப்போது தோலின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

“இத வெச்சுக்கிட்டு ஏணி ஏற முடியுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இதுவரை பையைப் பற்றி யாரிடமும் எதுவுமே கேட்டதில்லை.

“கொஞ்ச நாள் எதையும் தூக்கக் கூடாது. அப்புறம் ஏறலாம். கூரை வேலை பாக்குற ஒருத்தர் பைய வெச்சுக்கிட்டுத்தான் கூரை மேல நடக்குறார். பயம் எப்ப போச்சுன்னு கேட்டா, போகல, பழகிடுச்சுங்கறார்.”

கணவர் அவள் சட்டையை இழுத்து மூடிவிட்டார். “உனக்குப் பையே வெச்சாலும் எனக்கு உன்கூட சண்ட போட ஆயிரம் விஷயம் இருக்கு” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

புது மருந்து ஏறியது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் காலையில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“என்னாச்சு?” என்று கணவர் பதறி எழுந்தார்.

“ரத்தம் கம்மியா இருக்கு.” பலமாகச் சொன்னால் நோயின் காதில் விழுந்து அது திரும்பிவந்துவிடும் என்பதுபோல ரகசியமாகச் சொன்னாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. பிறகு, இப்போதைக்கு வேண்டாம் என்றானது. சில மாதங்கள் மருந்து ஏற்றியபின் மறுபடி அதே அறை, அதே குளிர், அதே திரை. உடம்பு தேறியிருந்தது. உடம்பு நன்றாக இருப்பதாலேயே இந்த முறை பயம் கூடுதலாக இருந்தது. இழக்க இப்போது ஏதோ இருந்தது.

டாக்டர் நிதானமாக ஒவ்வொரு வளைவையும் பார்த்தார். புண் இருந்த இடங்களில் வெளுத்த தழும்புகள். அவற்றுக்கு நடுவே மங்கலாக, கிளை கிளையாக ஏதோ தெரிந்தது.

“அது என்ன டாக்டர்?”

“ரத்தக் கொழாய். போன தடவ ஒண்ணுகூட கண்ணுக்குத் தெரியல.” குழாய் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. “ஒண்ணு. இங்க மட்டும் லேசா செவப்பு இருக்கு.”

“பூஜ்யம் இல்லையா?”

“இன்னும் இல்ல. மருந்து நிக்காது. அடுத்த வருஷம் திரும்பப் பாப்போம். வேலைக்குப் போங்க. ஆனா எத்தன தடவன்னு இனிமே என்கிட்ட நெஜத்தச் சொல்லணும்.”

“சொல்றேன்” என்றாள்.

வெளியே கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை, முகம் வெளிறிப்போனது. “ஒண்ணுங்க” என்றாள். அவர் மூச்சை விட்டார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதே பயமாக இருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னாள்.

“எனக்கும்தான்” என்றார் அவர்.