தராசுப் பை

றெனால்ட் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பையின் அடி விளிம்பை மடித்து, அதற்குள் நான்கு ஈயக்குண்டுகளைப் பொலித்தீனில் சுற்றி வரிசையாக வைத்து, வலை பொத்தும் நூலால் தைத்து முடித்திருந்தான். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயம். ஒன்று நூறு கிராம். தூக்கிப் பார்த்தான். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பள்ளிமுனைக் கரையில் சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் இரண்டு கழுதைகள் மட்டும் படுத்துக்கிடந்து அவனைப் பார்த்தன.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கோயிலடி மண்டபத்தில் பிள்ளைகளை நிறுப்பார்கள். கூரை வளையிலிருந்து ஒரு தராசு தொங்கும். கால் விட இரண்டு ஓட்டையுள்ள துணிப்பையில் பிள்ளையை இருத்தி, பையின் பிடியைத் தராசின் கொக்கியில் மாட்டுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு பை, அவரவர் வீட்டில் தைத்துக் கொண்டுவரவேண்டும் என்றாகிவிட்டது. எல்லாப் பையும் ஒரே துணி, ஒரே அளவு. அதனால் மருத்துவிச்சி நுஸ்ரியா காலையில் ஒரு வெறும் பையை மாட்டி, தராசு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து விடுவார். பிறகு ஒவ்வொரு பையாகப் பார்ப்பதில்லை. போன மாதம் மண்டபத்து வாசலில் நின்று இதை றெனால்ட் கவனித்திருந்தான்.

அன்று அவன் வேறொன்றையும் கவனித்தான். மகன் ஜஸ்ரினுக்கு அப்போது பதினொரு மாதம். ஏழு கிலோ முந்நூறு. நுஸ்ரியா பிள்ளையின் நிறை அட்டையில் வைத்த புள்ளி பச்சையை விட்டிறங்கி, நிறை காணாததைக் காட்டும் செம்மஞ்சளுக்குள் விழுந்தது. அவர் ஏசவில்லை. "ஒரு மாசம் பாப்பம், பிள்ளை. அடுத்த முறையும் ஏறாட்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன். பயப்பிடுறதுக்கு ஒண்டுமில்ல" என்றார். றெனால்டின் மனைவி அன்ரோனெற் தலையாட்டினாள். அட்டையைக் கைலேஞ்சியில் சுற்றினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தாள்.

"எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியாதெண்டு கீறிக் குடுத்துவிட்டிருக்கினம்."

அதற்குப் பிறகு அவள் ஒருவர் கண்ணிலும் படாமல் பின் ஒழுங்கையால் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். கோயில் பாட்டுக்குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். ஓலைத்தொடுவாயிலிருந்து கல்யாணம் செய்து வந்த நாளிலிருந்து கோப்பை கழுவும்போதும் பாடுகிறவள். இப்போது வீட்டில் கேட்டதெல்லாம் கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம்தான். ஜஸ்ரின் கரண்டியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடி முகத்தைத் திருப்புவான். அவள் ஒரு கிண்ணக் கஞ்சியோடு ஒரு மணித்தியாலம் அவன் பின்னால் திரிவாள். கடைசியில் கஞ்சி அவள் சட்டையில் இருக்கும். நிறுவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் றெனால்டுக்குப் பொறுக்கவில்லை. பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கரைக்கு வந்தான்.

வியாழக்கிழமை தராசு ஏழு கிலோ எழுநூற்றைம்பது காட்டியது. நுஸ்ரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ஒரு மாசத்தில நானூற்றைம்பது! என்ன பிள்ளை குடுத்தனீங்கள்?"

மண்டபமே திரும்பியது. அன்ரோனெற்றின் காது சிவந்தது. "மீன் கஞ்சி, மிஸ். குத்தரிசியும் பயறும் போட்டு... சூடை மீனை முள்ளெடுத்து... தேங்காய்ப்பால் விட்டு..." அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பிள்ளை அதைத் துப்பினான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கேட்டீங்களோ எல்லாரும்?" நுஸ்ரியா கையைத் தட்டினார். "நிறை காணாத பிள்ளையள் இந்த வட்டாரத்தில இன்னும் ஆறு பேர் இருக்கினம். பன்னிரண்டு நாளைக்கு எல்லாரையும் ஒரு முற்றத்தில இருத்தி, தாய்மார் சேந்து சமைச்சுக் குடுக்கிறதெண்டு இருக்கிறம். எந்த வீட்டில வைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். இனி யோசிக்கத் தேவையில்ல. அன்ரோனெற் வீடுதான்."

பெண்கள் கைதட்டினார்கள். றெனால்ட் பையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பும்போது அன்ரோனெற் பெரிய றோட்டால் நடந்தாள். பாதி வழியில் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். அவன் கேட்க விரும்பியது அதைத்தான். ஆனால் அந்த நான்கு ஈயமும் இப்போது அவனுக்குத்தான் பாரமாகக் கிடந்தன.

கணக்கு எளிது. அடுத்த நிறுவையில் ஈயத்தை எடுத்துவிட்டால் பிள்ளை ஒரே மாதத்தில் நானூறு கிராம் குறைந்ததாகத் தெரியும். ஊருக்கே கஞ்சி காய்ச்சச் சொல்லிக்கொடுத்தவளின் பிள்ளை! அவள் எந்த ஒழுங்கையால் போவாள்? ஈயத்தை விட்டுவைத்தால் தராசு சிரிக்கும், பிள்ளை மெலிவான். எப்படியும் அவளிடம் சொல்லவேண்டும். எப்போது என்பதுதான் தெரியவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது பை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று உடுப்பு மடித்தாள்.

திங்கட்கிழமை முற்றம் நிறைந்தது. ஏழு பிள்ளைகள், ஏழு தாய்மார், மூன்று கல் அடுப்பு, ஒரு பெரிய சட்டி. ஒருத்தி பூசணிக்காய், ஒருத்தி முட்டை, ஒருத்தி ஒரு சுண்டு பயறு என்று கொண்டுவந்தார்கள். பூசணித் தோலுக்காகக் கழுதைகள் படலையில் தலையை வைத்துக் காத்து நின்றன. அன்ரோனெற் நடுவில் நின்று எல்லோரையும் ஏவினாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள் றெனால்டிடம். "மீன்முள் எடுக்க உங்களை விட்டா ஆர் இருக்கினம்? நீங்களே எடுங்கோ."

அவித்த சூடை மீனை மடியில் தட்டத்தோடு வைத்துக்கொண்டு அவன் கதிரையில் உட்கார்ந்தான். சூடைக்கு மயிர் போல முள். ஏழு பிள்ளைகளுக்கும் தொண்டையில் ஒன்றுகூடச் சிக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்து எடுக்கவேண்டும்.

அவனோடு ஒரே படகில் போகிற சந்தியோகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்னடா மச்சான், மாதர் சங்கத்தில சேந்திட்டியோ? தலைவரோ, பொருளாளரோ?"

"சந்தியோகண்ணை!" அன்ரோனெற் அடுப்படியிலிருந்தே கூப்பிட்டாள். "உங்கட மகளும்தானே இஞ்ச சாப்பிடுறா. உள்ள வாங்கோ. அந்தக் கதிரை சும்மா கிடக்கு."

சந்தியோகு தன் மனைவி றஞ்சிதாவைப் பார்த்தான். அவள் ஒரு தட்டத்தை நீட்டினாள். அடுத்த நாள் முள் எடுக்க மூன்று தகப்பன்மார் இருந்தார்கள். ஐந்தாம் நாள் ஐந்து பேர். கரையில் பேசுகிற கதையெல்லாம் அந்த முற்றத்துக்கு வந்துவிட்டது.

பிள்ளைகளை ஒரு பாயில் வட்டமாக இருத்தினார்கள். முதல் இரண்டு நாளும் ஜஸ்ரின் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சந்தியோகுவின் மகள் தக்சிகா தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, நிதானமாகக் கையை நீட்டி, அவன் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். ஜஸ்ரின் திகைத்தான். அவள் மறுபடியும் கையை நீட்டினாள். அவன் அலறினான். அலறிக்கொண்டே கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தன் வாயை நிரப்பினான். தாய்மார் சமைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவன் விழுங்கினான். தக்சிகாவை முறைத்தான். திரும்ப அள்ளினான். அன்றிலிருந்து அவன் சாப்பிடுவது சண்டைக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. அன்ரோனெற் அவர்கள் இருவரையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினாள்.

ஐந்தாம் நாள் எல்லோரும் போனபின் றெனால்ட் தொடங்கினான். "அன்ரோ, உம்மட்ட ஒரு விசயம் சொல்லவேணும்."

"பிறகு சொல்லுங்கோ. நாளைக்கு முருங்கையிலை வேணும். வெளிச்சம் இருக்கேக்கயே ஒடிச்சுக்கொண்டு வாங்கோ."

எட்டாம் நாளும் தொடங்கினான். பிள்ளைகளுக்கு வெயில் படுகிறது, ஒரு பந்தல் போடவேண்டும் என்றாள். கிடுகு தேடிக் கட்டி முடிக்க இரண்டு நாள் போனது. பத்தாம் நாள் நுஸ்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் அவரிடமே சொல்லிவிடலாம் என்று படலைக்குப் போனான்.

"மிஸ்..."

"தம்பி, நல்லா முள் எடுக்கிறீங்களாமே. போற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்." அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

நிறுவை நாள் விடிய எழும்பி விளிம்பைப் பிரித்துவிடுவது, பிறகு வருவது வரட்டும் என்று முடிவெடுத்திருந்தான். ஆனால் அன்று காற்று விழுந்து கடல் அடங்கியிருந்தது. சந்தியோகு இருட்டோடு வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். கரைக்கு வந்தபோது எட்டரை. றெனால்ட் மீனை அவனிடம் விட்டுவிட்டு, ஈரச் சாரத்தோடு மண்டபத்துக்கு ஓடினான். ஜஸ்ரின் ஏற்கனவே பைக்குள் இருந்தான். நுஸ்ரியா பிடியைக் கொக்கிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ், கொஞ்சம் பொறுங்கோ!"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கூட்டத்தில் அவன் வாய் திறந்ததே இல்லை. பிள்ளையைத் தூக்கி அன்ரோனெற்றின் கையில் கொடுத்தான். பையை எடுத்தான். இடுப்பிலிருந்து வலைக்கத்தியை எடுத்தான்.

"போன மாசம் இந்தப் பைக்குள்ள நானூறு கிராம் ஈயம் இருந்தது. நான்தான் வைச்சுத் தைச்சனான். அவவுக்கு ஒண்டும் தெரியாது. பிழை என்னில."

சொல்லிக்கொண்டே விளிம்பைக் கீறினான். ஒன்றும் விழவில்லை. விரலை உள்ளே விட்டுத் துழாவினான். வெறும் துணி. அப்போதுதான் தையலைப் பார்த்தான். அது அவன் நூல் அல்ல. வெள்ளை நூல். சின்னச் சின்னதாக, ஒரே அளவில் போட்ட தையல்.

அன்ரோனெற் பிள்ளையின் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றான்.

"அண்டைக்குப் பின்னேரமே. தோய்க்கேக்க வாளியில டொங்கெண்டு கேட்டது. வலைமுடிச்சுப் போட்டு ஆரப்பா பை தைக்கிறது?"

"அடுத்த நாள் காலமை பஸ் ஏறி எருக்கலம்பிட்டியில என்ர வீட்டு வாசல்ல வந்து நிண்டவ" என்றார் நுஸ்ரியா. அட்டையை விரித்துக் காட்டினார். போன மாதப் புள்ளி வெட்டப்பட்டு, கீழே செம்மஞ்சளுக்குள் இன்னொரு புள்ளி. ஏழு கிலோ முந்நூற்றைம்பது. பக்கத்தில் அவர் கையெழுத்து. "நீங்கள் கடலுக்குப் போன நேரம் டொக்டரிட்டையும் காட்டிப்போட்டம். வருத்தம் ஒண்டுமில்ல, சாப்பாடுதான் காணாதெண்டார். சமையலை வேற வீட்டுக்கு மாத்துங்கோ மிஸ் எண்டு கேட்டவ. நான்தான் மாட்டனெண்டனான். ஈயம் நஞ்சு, தெரியுமோ தம்பி? அதுக்கு உங்களுக்குப் புறம்பா ஏச்சு இருக்கு."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா பன்னிரண்டு நாளும் முள் எடுத்திருப்பீங்களே?" என்றாள் அன்ரோனெற்.

மண்டபம் வெடித்தது. மீன் கூடையோடு அப்போதுதான் வாசலுக்கு வந்த சந்தியோகு கதையை றஞ்சிதாவிடம் கேட்டுவிட்டு, கையை விரித்தான். "அட கர்த்தரே! அப்ப நான் என்ன குற்றம் செய்தனான்? நானும் எல்லோ முள் எடுத்தனான்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் எடுத்தது. றெனால்டும் சிரித்துவிட்டான். "ஈயம் எங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"உங்கட வலையிலதான். நானே கோத்தனான்." அவள் குரல் இறங்கியது. "ஆனா இண்டைக்கு எவ்வளவு காட்டுமெண்டு எனக்கும் தெரியாது. நேற்று இரவு முழுக்க எனக்கு நித்திரையில்ல."

நுஸ்ரியா தன் முக்காட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிப் பையின் கீறலைக் குத்தி மூடினார். வெறும் பையைக் கொக்கியில் மாட்டி, அந்த ஊக்கின் நிறையும் சேராதபடி முள்ளைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு பிள்ளையை இருத்தி மாட்டினார். கையை எடுத்தார்.

ஜஸ்ரின் காற்றில் தொங்கியபடி எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். கீழே தக்சிகா வந்து நின்று பாதி வாழைப்பழத்தை அவனுக்குக் காட்டிக் கடித்தாள். அவன் கத்திக்கொண்டு இரண்டு காலையும் உதைக்கத் தொடங்கினான். அன்ரோனெற் மீன் மணக்கிற றெனால்டின் கையைத் தேடிப் பிடித்தாள். முள் ஏழரையைக் கடந்தது, எட்டைத் தொட்டது, திரும்பியது, மறுபடியும் எட்டுப் பக்கம் போனது. நுஸ்ரியா பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்து நின்றார். ஆடாமல் இரு என்று பிள்ளையிடம் ஒருவரும் சொல்லவில்லை.