தட்டில் ஒட்டிய பொட்டுகள்

நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதும் நொய்ஃபெல்டே நகரத்து இளசுகள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கு ஜெர்மனிப் பக்கம் போய்விட்டார்கள். காலி வீடுகளால் நகராட்சிக்குத் தலைவலி. எந்தக் கட்டடத்தை இடிப்பது, எதைப் புதுப்பிப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்று குடியிருப்பவர்களையே கூப்பிட்டுவிட்டது. நாளைக்குப் பழி தன் தலையில் விழக்கூடாது அல்லவா!

கூட்டத்தன்று காலையிலிருந்தே ரோஸ்விட்டாவுக்குப் பயம். சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவள், லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அவளுடைய ஐந்து மாடிக் கட்டடத்தில் மிச்சமிருப்பது அவளும் கீழ்வீட்டு ஹார்ட்முட்டும்தான். இடிப்பதென்றால் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். அந்த வீட்டை விட்டு முதியோர் விடுதிக்குப் போக அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை. ஆகவே, பெரிய அடுப்புத் தட்டு நிறைய பிளம் கேக் சுட்டாள். ஓட்டு கேட்கப் போகிறவர் வெறுங்கையோடா போவார்?

மக்கள் கருத்தைக் கேட்க நகராட்சி திறந்திருந்த பங்கேற்பு அலுவலகத்தில் கூட்டம். நடத்தியவள் மரைக்கே, ஹாம்பர்கிலிருந்து வந்த சின்னப் பெண். மேசை முழுக்க நகர வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டு, ஒரு சிவப்புப் பொட்டு.

"எது இருக்கணுமோ அங்க பச்சை, எது போகணுமோ அங்க சிவப்பு. முடிவு உங்க கையில. ஒட்டுங்க!"

வேறு மேசை இல்லாததால் ரோஸ்விட்டா தட்டை வரைபடத்தின் மூலையிலேயே வைத்தாள். முதல் துண்டைத் தின்று முடித்த ஹார்ட்முட் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த ஊர்ல எது போனாலும் இது மட்டும் போகக் கூடாதுப்பா!" என்று பச்சைப் பொட்டைத் தட்டின் விளிம்பில் ஒட்டினான்.

ஒரே சிரிப்பு. பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். கேக் குறையக் குறையத் தட்டு பச்சையானது. வெட்டிக் கொடுப்பதிலேயே இருந்த ரோஸ்விட்டா தன் பொட்டுகளை இன்னும் தொடவே இல்லை. வரைபடத்தில் மருந்துக்குக்கூட ஒரு பச்சை இல்லை.

ரோஸ்விட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அடப் பாவிங்களா! என் வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு ஒட்டக் கூடாதா?"

"தேடினேன், உன் வீட்டைக் காணோமே," என்றான் ஹார்ட்முட்.

"நீயும் அதே கட்டடத்துலதான்யா இருக்க!"

ஹார்ட்முட்டின் முகம் தொங்கிப் போயிற்று.

"தட்டுல ஒட்டினது செல்லாதுங்க," என்றாள் மரைக்கே.

"முடிவு எங்க கையிலன்னு நீதானேம்மா சொன்ன?" என்று கூட்டம் எகிறியது.

மிரண்டுபோன மரைக்கே, குழப்பம் தீர்ந்தால் போதுமென்று தட்டைத் தூக்கினாள். அடியில் இருந்தது ரோஸ்விட்டாவின் கட்டடம்!

"பார்த்தியா? சரியான இடத்துலதான் ஒட்டியிருக்கோம்!" என்று ஹார்ட்முட் நெஞ்சை நிமிர்த்தினான்.

மரைக்கே பெருமூச்சோடு எல்லாப் பச்சையையும் அந்தக் கட்டடத்தின் கணக்கில் எழுதிக்கொண்டாள். அடுத்து சிவப்பு. எல்லாச் சிவப்பும் ஒரே கட்டடத்தின் மேல் அம்மைபோல அப்பிக் கிடந்தன.

"இது... நாம உட்கார்ந்திருக்கிற இடம்ங்க."

"தெரியும்மா. கூரை ஒழுகுது," என்றார் ஒருவர்.

"கக்கூஸும் சரியில்ல," என்றது இன்னொரு குரல்.

மக்கள் தீர்ப்பை மீற நகராட்சிக்குத் துணிவில்லை. வசந்தத்தில் பங்கேற்பு அலுவலகம் தரைமட்டமானது. ரோஸ்விட்டாவின் கட்டடத்துக்குப் புது வண்ணமும் லிஃப்டும் வந்தன. போக்கிடமில்லாத மரைக்கே அதன் மேல்மாடியிலேயே, ரோஸ்விட்டாவின் வீட்டுக்கு நேர் மேலே, அலுவலகத்தையும் குடித்தனத்தையும் போட்டாள்.

அவள் குடிவந்த மறுநாள் காலை ரோஸ்விட்டா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் டக், டக் என்று செருப்புச் சத்தம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே ஆள் நடந்து எத்தனை காலமாயிற்று! கண் கலங்கியது. துடைப்பத்தை எடுத்துக் கட்டையால் கூரையில் ஓங்கி இடித்தாள்.

"மெதுவா நடக்கத் தெரியாதாடி?"

உடனே அவள் காலுக்குக் கீழே இடி விழுந்தது. "நீ மெதுவா கத்துடி!" என்றான் ஹார்ட்முட்.

ரோஸ்விட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு முறை இடித்தாள்.