மகளிடம் விட்டுப்போன மதியம்

மகள் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் எனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்துவிட்டாள். அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள், நான்தான் கைகழுவப் பார்க்கிறேனாம். என் மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. மகளைக் கண்டதும் தலையை வாரிக்கொண்டு, விமானம் நேரத்துக்கு வந்ததா என்றெல்லாம் விசாரித்து, சோபாவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீடியோ காலிலும் இதே கூத்துதான். போனை வைத்த மறுநிமிடம் மறதி நோய் திரும்பிவிடும், நான் யாரோ எவனோ.

"கையெழுத்துப் போட மாட்டேன்ப்பா. பெத்தவள ஹோம்ல தள்ளிட்டு என்னால நிம்மதியா தூங்க முடியாது."

தூக்கத்தைப் பற்றி இவள் பேசுகிறாள், என்னிடம். பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று முதியோர் இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இருப்பது இவள் ஒருத்தி. சட்டைக் கையை மடித்து, முழங்கையில் என் மனைவி கடித்த பல் தடத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால், நீங்க என்ன செஞ்சீங்க என்று என்னையே கேட்பாள். முடி வெட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. என் மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது குளியலறைக்குப் போகிறவனையும் கட்டிலில் சாய்கிறவனையும் டிக்கெட் கேட்கிறாள். பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நீட்டினால் போதும், திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடங்கிவிடுவாள். இல்லையென்றால் தொலைந்தோம். சட்டையைப் பிடித்து இறக்கிவிடப் பார்ப்பாள். டிக்கெட்டெல்லாம் என் சட்டைப்பையில் இருந்தன. அவற்றோடுதான் படியிறங்கினேன். அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

சலூன்காரர், என்ன சார் இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டார். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சவரமும் செய்துவிடுங்கள், அவசரமில்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

திரும்பியபோது கதவு திறந்தே கிடந்தது. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நகக்கீறல், மேல்சட்டையின் கழுத்து கிழிந்திருந்தது. எதிரே சோபாவில் என் மனைவி. அவள் இடது கன்னத்தில் நான்கு விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

நான் கத்தியிருக்கிறேன், தட்டை வீசியிருக்கிறேன். அவள் மேல் கை வைத்ததில்லை. அம்மாவை யார் அடித்தது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

மகள் நிமிரவில்லை. "நாளைக்கே சேத்துடலாம்ப்பா. எங்க கையெழுத்துப் போடணும்?"

இதற்காகத்தான் இவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கிடைத்ததும் இவள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று வந்தது. எழுந்திரு என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான், என் மனைவி பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"இந்த ஆளுதாம்மா என்னை அடிச்சான். உன்னையும் அடிப்பான். பயப்படாத, நான் இருக்கேன்."

மகளைப் பார்த்தேன். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் மனைவி ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, மறு கையை நீட்டி எனக்கு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.