மீதி வரல

தனகோட்டியின் உயிர் எந்த வரியில் போனது என்று கலைவாணிக்கு நிச்சயமில்லை. மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது, அது மட்டும் தெரியும். படகுக்காரன் முதல் துறையில் இறங்கி, பச்சைப் பாவாடை கட்டிய சிறுமி யாராவது கரை ஒதுங்கினாளா என்று கேட்டதுவரை அப்பாவின் மார்பு ஏறி இறங்கியதாக நினைக்கிறாள். அதற்குப் பிறகும் ஏறியிருக்கலாம். பால் கிண்ணம் அப்போது தன் கையில் இருந்ததா, அத்தை கையில் இருந்ததா என்று கேட்டால் இரண்டும் சரியாகத்தான் படுகிறது. மற்றதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தான் செய்தது முழுவதும் நினைவிருக்கிறது.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செஞ்சி ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி இரண்டு நாளாகியிருந்தது. பனமலையிலிருந்து வந்திருந்த தைலம்மாள், தனகோட்டியின் அக்கா, கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இன்னாத்துக்குடா இழுத்துக்கினு கெடக்குற தம்பி? மண்ணு கரைச்சி ஊத்துனோம். காசு ஒரசி ஊத்துனோம். இன்னாதான்டா வேணும் உனக்கு?"

"கொல்ல மண்ணுதான ஊத்துனீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு அமலா. "வீட்டு வாசல் மண்ணு ஊத்துனா ஆவாது."

"மல்லாட்ட வெதச்ச கொல்ல மண்ணுதான்டி. நானே போயி அள்ளிக்கினு வந்தேன்."

"மவன் பிரசாந்த பாக்கணும்னு இருக்குமோ?"

"போன காதுல வச்சி அவன் கொரலக் கேக்க வச்சோமே. அசையலியே. அவன் இன்னும் செங்கல்பட்டே தாண்டலியாம்."

தைலம்மாள் கலைவாணியின் பக்கம் திரும்பினாள். அவள் அத்தை மட்டுமல்ல, மாமியாரும்கூட.

"ஏண்டி வாணி, கூடவே இருந்தவ நீதான. அவனுக்கு இன்னா ஆச தொக்கி நிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

கலைவாணி துணியைப் பிழிந்தாள்.

"எனக்கு இன்னா தெரியும் அத்த."

அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு தனகோட்டியின் கண்ணைச் சர்க்கரை தின்றது. செஞ்சியில் ஒரு மண்டியில் முப்பது வருடம் எடை போட்டவர். தராசு காலியாக இருக்கும் நேரமெல்லாம் மூட்டையில் சாய்ந்து புத்தகம் படித்தவர். பார்வை போன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகன் பிரசாந்த் சென்னையிலிருந்து ஒரு கருவி வாங்கி வந்தான். சிலேட்டு அளவில் கறுப்பாக, உறைக்குள் இருந்தது. பக்கத்தில் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர். தொட்டால் புத்தகத்தை அதுவே படிக்கும். தனகோட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சிலேட்டு என்றே பெயர் வைத்தார். படித்தது ஒரு பெண்குரல். சாவு வந்தாலும் கல்யாணம் வந்தாலும் அதற்கு ஒரே தொனி.

"ரேஷன் கடையில பேர் கூப்புடற மாதிரி படிக்கிறாடா இவ" என்று சிரித்தார். ஆனால் ஒரு வாரத்தில், "எங்க நம்ம ரேஷன்காரி? கூப்புடு" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

மரத்துப்போன அவர் விரலுக்கு அந்தக் கண்ணாடி இணங்கவில்லை. ஆகவே கலைவாணிதான் போட வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து, பாத்திரம் கழுவி, அவள் வீடு வர மூன்று மணியாகும். அதுவரை அவர் காத்திருப்பார். நாற்பது புத்தகங்களுக்கு மேல் அப்படி ஓடின. ஒன்றைக்கூட அவள் பாதியில் நிறுத்தியதில்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது பிரசாந்த் கேட்டான். "வேற இன்னா பொஸ்தகம் ஏத்தட்டும் நைனா?"

அவர் சிலேட்டின் உறையைத் தடவினார். பிறகு ஒரு நாவலின் பெயரைச் சொன்னார். வெள்ளத்தில் தங்கையைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு துறையாகத் தேடிப்போகும் படகுக்காரனின் கதை.

"அது ஒண்ணுதான்டா முடிக்காம வுட்டேன்."

அடுப்படியில் கலைவாணியின் கையில் கரண்டி நின்றது. அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரியும். நீல அட்டை.

பிளஸ் டூ முடித்த வருடம் அவள் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். தபால் அப்பாவின் பெயருக்கு, மண்டி விலாசத்துக்கு வரும். தினமும் சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டதும் தெருவுக்கு ஓடுவாள்.

"லெட்டர் வந்துதா நைனா?"

"வரல."

நாற்பது நாள் கேட்டாள். நாற்பது நாளும் வரவில்லை. கடைசியில், "மார்க் பத்தலயாட்டம் இருக்குது. வுடும்மா" என்றார். ஆவணியில் அத்தை மகன் வீராசாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு அவள் பரீட்சை எழுதுவதற்கு முன்பே முடிந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. வீராசாமி பத்து வருடம் குடித்துவிட்டுச் செத்தான். பிள்ளை இல்லை. அவள் பிறந்த ஊரான சிங்கவரத்துக்கே திரும்பினாள்.

வந்த கோடையில் பூச்சி அரிக்கிறதென்று அப்பாவின் புத்தகங்களை வெயிலில் பரப்பினாள். நீல அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நெருங்கும் இடத்தில் ஓர் உறை இருந்தது. மேல்பக்கம் பிளேடால் நேர்த்தியாகக் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே அவள் பெயர். சேர வேண்டிய தேதி. அதற்கு முன்னால் உள்ள தாள்களின் ஓரங்களில் அப்பாவின் விரல் அழுக்கு படிந்திருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையாக இருந்தன. கடிதத்தை வைத்த இடத்தோடு அவர் அந்தப் புத்தகத்தை மூடியிருக்கிறார். மறுபடி திறக்கவில்லை.

கடிதம் இருந்த பக்கத்தின் கடைசி வரிகளை அவள் வெயிலில் நின்று படித்தாள். 'படகுக்காரன் கதவைத் தட்டினான். உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டது.' அவளும் பக்கத்தைத் திருப்பவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு வருடம் அதே வீட்டில் அவருக்குச் சோறு போட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாற்காலியில் இருப்பவளை டீச்சர் என்றும், முட்டை உரிப்பவளை ஆயா என்றும் கூப்பிட்டார்கள். அவள் முட்டை உரித்தாள்.

சிலேட்டு படகுக்காரன் கதையைப் பதினெட்டு நாள் படித்தது. பதினெட்டாம் நாள் அந்தக் கதவு வந்தது. கொலுசுச் சத்தம் கேட்டது. கலைவாணி திரையைத் தொட்டாள். குரல் நின்றது. திரையின் அடியில் தொண்ணூற்றொன்று சதவீதம் என்று இருந்தது.

"அப்பறம்?" என்றார் அவர்.

"மீதி வரல நைனா."

அவர் முகம் குரல் வந்த திசையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியது.

மறுநாள் மூன்று மணிக்குக் கேட்டார். "வந்துதா?"

"வரல."

வேறு புத்தகம் வேண்டாம் என்றுவிட்டார். தினமும் அந்த ஒரு கேள்வி, அந்த ஒரு பதில். இரண்டுக்கும் நடுவில் மேல்மலையனூர் பஸ் போகும் சத்தம். அவள் நாட்களை எண்ணினாள். எண்ணுவது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நாற்பதாவது நாள் அவர் அதைக் கேட்கவில்லை.

"லெட்டர் வந்துதும்மா" என்றார். "நான்தான் எடுத்து வச்சேன். உங்க அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டிருந்தேன்."

கலைவாணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக அவள் எதிர்பார்த்தது இதுவல்ல, இதற்கு அடுத்து வர வேண்டிய ஒரு வார்த்தை. அவள் காத்திருந்தாள். அவர் எச்சில் விழுங்கினார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"அதான் சொல்லிட்டேன்ல. இப்ப மீதியப் போடும்மா."

அவள் எழுந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

அதற்கு நான்காம் நாள் அவர் பின்கட்டில் விழுந்தார். பேச்சு போனது. காது போகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

"ஏய், இத எப்படி மறந்தோம்!" அமலா தொடையில் தட்டிக்கொண்டாள். "அந்த சிலேட்டு! எந்நேரமும் அதத்தான கேட்டுக்கினு இருப்பாரு. காதுகிட்ட வையி வாணி."

"அடி ஆமாண்டி!" தைலம்மாள் கையூன்றி எழுந்தாள். "பேசுற பொட்டி! எடுத்தாடி. என் தம்பிக்கு அதான் ஆச."

கலைவாணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அலமாரிக்குப் போக நாலு அடி. அந்த நாலு அடியில் அவள் எதையும் யோசிக்கவில்லை. ஸ்பீக்கரை அப்பாவின் தலையணை ஓரத்தில் வைத்தாள். சிலேட்டு இணைந்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'டிங்' என்று ஒலி வந்தது. அப்பாவின் இமை துடித்தது. போர்வை மேலிருந்த விரல்கள் மெல்லக் குவிந்தன.

"அசையறான்டி! கேக்குது அவனுக்கு!"

திரை நின்ற இடத்திலேயே திறந்தது. கதவு. கொலுசுச் சத்தம். ஒருமுறை தொட்டால் போதும். கலைவாணி அந்த வரியைப் பார்த்தபடி நின்றாள். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அவள் கையில் இருப்பது என்ன என்று படுத்திருந்தவருக்கு மட்டும் தெரியும். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவள் விரலால் தள்ளித் தள்ளி முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு தொட்டாள்.

"அத்தியாயம் ஒன்று" என்றது குரல். "ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருடம் படகுக்காரனுக்குப் பதினெட்டு வயது."

தனகோட்டியின் தலை தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

"தலய ஆட்டுறாரு பாரு!" என்றாள் அமலா. "கதைக்குத் தலய ஆட்டுறாரு!"

அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போனது. தைலம்மாள் ஓவென்று அழுதாள். "சந்தோசத்துல தண்ணி வருதுடி. பெத்த பொண்ணு வாயில பால ஊத்துற மாதிரி காதுல கதைய ஊத்துறா. நீ நல்லா இருப்படி வாணி."

அவருடைய கை போர்வையில் துழாவிக் கலைவாணியின் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. இறுக்கியது. நோயாளியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவள் குனிந்து அவர் காதோரத்தைத் துடைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை அவர் நெஞ்சின்மேல் எடுத்து வைத்தாள்.

"கேளு நைனா" என்றாள்.

வெள்ளம் வந்தது. தங்கை போனாள். படகுக்காரன் கிளம்பினான். முதல் துறைக்கு வந்துவிட்டான். தைலம்மாள் பால் விட்டபோது அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் தெரிந்தது. ஒப்பாரி எழுந்தது. அதற்கு நடுவில், யாரையும் பொருட்படுத்தாமல், குரல் படித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அங்கே யாருக்கும் தெரியவில்லை. கலைவாணி போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஏழு சதவீதம்.

மறுநாள் காலை, வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தபோது, பிரசாந்த் உள்ளறைக்கு வந்தான். கையில் சிலேட்டு இருந்தது.

"அக்கா, ஏற்கனவே கேட்ட தொண்ணூத்தொண்ணு சதவீதத்துக்குப் போவவான்னு இது கேக்குது."

அவள் மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் நைனா போன்ல, 'மீதி வரலடா'ன்னாரு. நெட்டு பிரச்சனன்னு நெனச்சி, வரப்ப பாக்குறேன்னேன். இப்ப பாத்தேன். முழுசா இருக்குது." அவன் குரல் தாழ்ந்தது. "நேத்து ஏன்க்கா மொதல்லேருந்து போட்ட?"

"மறந்திருப்பாருன்னு."

அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் அடுத்த பூவை எடுத்தாள். வெளியிலிருந்து யாரோ தேர் கட்டியாச்சு, தூக்கலாம் என்று குரல் கொடுத்தார்கள். அவன் சிலேட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பிரசாந்த் பதினாறாம் நாள் காரியம் முடித்துச் சென்னைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். சாப்பாடு, மழை, கரன்ட் பற்றிப் பேசுகிறார்கள். தைலம்மாள் தம்பி கதை கேட்டுக்கொண்டே போன அதிசயத்தைப் பனமலையில் எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த ஆடியில் தூக்கத்திலேயே செத்தாள். யாரும் எதையும் கரைத்து ஊற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கரை அமலா கேட்டு வாங்கிப்போனாள், அவள் மகள் மோனிகா அதில் பாட்டுக் கேட்கிறாள். கலைவாணி இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் சமைக்கிறாள். மாதம் ஒருமுறை சிலேட்டுக்குச் சார்ஜ் போடுகிறாள். கதவைத் திறந்தது யார் என்று அவள் பார்க்கவில்லை. கதை ஏழு சதவீதத்தில் நிற்கிறது. உறைக்குள், திரைக்கும் மூடிக்கும் நடுவில், அந்தக் கடிதம் இரண்டாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.