நிமிர்ந்து நிற்பவை

திண்டிவனத்தில் தேவயானி முதலில் ஊடுருவி நடந்தது ஒரு மின்கம்பத்தை. பால் பாக்கெட்டோடு கம்பத்துக்குள் புகுந்தவள் அந்தப் பக்கமாக வெளியே வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவள் கண்ணுக்கு அங்கே கம்பமே இல்லை, கம்பிகள் மட்டும் வானத்தில் பிடிப்பில்லாமல் கிடந்தன. அந்த வாரத்துக்குள் வாசற்கால், பனைமரத் தண்டு, நிற்கிற மனிதர்கள் எல்லாமே அவளுக்கு இல்லாமல் போயின. பனையோலைகள் உச்சியில் தனியாக அசைந்தன. படுத்திருப்பதும் சாய்ந்திருப்பதும் பழையபடி தெரிந்தன.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் ராஜசேகர் விழுப்புரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி பொறுமையாகச் சொன்னார்: "கண்ணு அனுப்புறத வாங்கிக்கிற செல்லுங்க பின்மண்டையில இருக்கும்மா. நிமிர்ந்த கோட்டுக்குன்னு சிலது, படுத்த கோட்டுக்குன்னு சிலது, சாய்ஞ்சதுக்குன்னு சிலது. ஒரு வயலப் பாத்தா அதுக்கு வேண்டியது மட்டும் கொஞ்சம் முழிச்சிக்கும், மத்ததெல்லாம் சும்மா இருக்கும். உங்களுக்கு நிமிர்ந்ததப் பாக்குறதுங்க முழிச்சிக்கவே மாட்டேங்குது."

"அப்ப ஏன் சார் நான் எதுலயும் முட்டிக்க மாட்டேங்கிறேன்?"

"அது எனக்குத் தெரியலம்மா" என்று டாக்டர் எழுந்தார். எழுந்ததும் மறைந்தார். சட்டைப்பையில் சாய்ந்திருந்த பேனா மட்டும் மிதந்தது.

பயம் ஒரு மத்தியானம் வந்தது. அடுப்படியிலிருந்து சோற்றுக் குண்டானோடு திரும்பியவளின் நெஞ்சுக்குள் திடீரென்று இரண்டு இதயங்கள் அடித்தன. ஓர் எட்டு வைத்ததும் ஒன்று நின்றுபோனது. முதுகுக்குப் பின்னால் மகள் அஸ்வினி அழுதாள்.

"உள்ள இருட்டா இருந்துச்சிம்மா. நீ அங்கயே நின்னுட்டிருந்தீன்னா நான் எங்க இருந்திருப்பேன்?"

தேவயானி குண்டானை இறக்கிவைத்துவிட்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. கையை நீட்டித் தடவிப் பார்க்கவும் வழியில்லை. எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்கு வெறும் காற்றுதான். சோறு இறங்கவில்லை. குழந்தை பக்கத்தில் வந்தாலே உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

"வூட்ல எல்லாரும் குனிஞ்சிக்கினே நடக்கிறோம், எழுந்திரு" என்றான் ராஜசேகர்.

"மறந்து நிமிர்ந்துட்டீங்கன்னா?"

அவன் அவளருகே தரையில் உட்கார்ந்தான்.

வழி சொன்னது அஸ்வினிதான். தரையில் படுத்து, முகத்தை அம்மாவுக்குக் காட்டியபடி சொன்னாள்: "நீ கேட்டுக்கினே நடம்மா. நாங்க சொல்றோம்."

அன்று முதல் தேவயானி, "யாருனா நிக்கிறீங்களா?" என்று கேட்டுத்தான் கால் வைத்தாள். முதலில் வீடு பதில் சொன்னது, பிறகு தெரு, பிறகு மார்க்கெட். இப்போது அஸ்வினிக்கு விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது. அம்மா கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "நிக்கிறேம்மா, இரு" என்று நகர்ந்து வழிவிட்டு, விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். பதில் வராத இடத்தில் அவள் அப்படியே நின்றுவிடுவாள், வெயிலானாலும் மழையானாலும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களும் ஒரு கணம் நின்று, "இங்க யாரும் இல்ல, வா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறார்கள்.