டிஸ்கில் இடமில்லை

கேட் பாஸ் அச்சடிக்கப் போனால், டிஸ்கில் இடமில்லை என்று திரையில் வந்து நின்றது. மந்தாரக்குப்பத்தில் மைன்ஸுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரின் அலுவலகம் அது. செவ்வந்தி அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள். பழைய பாஸ் நேற்றோடு முடிந்துவிட்டது. புதியது இல்லாமல் கேட்டில் ஒருத்தரையும் விட மாட்டார்கள்; உள்ளே போகாதவர்களுக்கு அன்றைய கூலி கிடையாது. ஜன்னலுக்கு வெளியே சாப்பாட்டுத் தூக்குகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஷிஃப்ட் சங்கு ஊத அதிக நேரமில்லை.

ஆன்ட்டிவைரஸைத் திறந்து, வேண்டாமல் சேர்ந்த டெம்ப் ஃபைல்களைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி, எல்லாம் முடிந்தது என்றது. இடம் என்னவோ கூடவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே நல்ல செய்தி.

சர்வீஸ் பார்க்கும் ஜெயப்பிரகாஷ் கடலூரில் இருந்தான். போனில் சொன்னான்.

“எல்லாம் அந்த ஆன்ட்டிவைரஸ் போட்ட குப்பதாங்க. அப்டேட் ஆவும்போதெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு அள்ளாம வுட்ருது. அது ஓடிகினு இருக்கறவரைக்கும் ஃபைல புடிச்சுகினே இருக்கும், அழிக்க வுடாது. அத்த நிறுத்திட்டு அழிங்க.”

போன வருஷம் யாரோ செருகிய பென் டிரைவில் வைரஸ் வந்து, மொத்தக் கணக்கும் போயிற்று. இவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு அத்தோடு வேலையும் போயிற்று. அதற்கப்புறம் வாங்கிப் போட்டதுதான் இந்த ஆன்ட்டிவைரஸ். அதை நிறுத்தலாமா என்று முதலாளி பன்னீர்செல்வத்தைப் போனில் கேட்டாள்.

“அதுல கைய வைக்காத. நான் வந்துகினே இருக்கேன்.”

“ஆளுங்க நிக்கிறாங்க சார்.”

“நிக்கட்டும்.”

சக்கரபாணி ஜன்னல் கம்பியருகே வந்தார். இருக்கிறவர்களில் வயதானவர்.

“ஆவாதாம்மா? ஆவாதுன்னா சொல்லிடு. வூட்டுக்காவது போறோம்.”

அவர் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

“கொஞ்சம் இருங்கண்ணா.”

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். நிச்சயமாக நிறுத்தவா என்று ஆன்ட்டிவைரஸ் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றாள். அதன் ஃபோல்டருக்குள் கிடந்ததையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். இந்த முறை அது விட்டுக்கொடுத்தது. பிரிண்டர் முனகிக்கொண்டு முதல் தாளை இழுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக நீட்டினாள். சைக்கிள்கள் கிளம்பின, கடைசியில் வாங்கியவர்கள் ஓடினார்கள். அவர்கள் போன பிறகு சங்கு ஊதியது.

ஆன்ட்டிவைரஸை மறுபடி ஓடவிடப் பார்த்தாள். ஓடவில்லை. ஏதோ ஃபைல் காணவில்லை, புதிதாகப் போட வேண்டும் என்றது. அதற்கான லைசென்ஸ் நம்பர் முதலாளியிடம்தான் இருக்கிறது. திரையின் மூலையில் சின்னதாகச் சிவப்புக் குறி ஒன்று வந்து உட்கார்ந்தது. வயரைத் திரும்பச் செருகாமல் விட்டாள்.

மேஜையில் ஒரு பாஸ் மிஞ்சியிருந்தது. இசக்கிமுத்து. கூப்பிட்டபோது, ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பாஸை எடுத்து, போட்டோ மேலே தெரியும்படி முதலாளியின் மேஜைமேல் வைத்தாள்.